டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குக் கையைப் பழக்குதல்

டிஸ்க் பிரேக் சைக்கிளில் நிறுத்தும் வேலை ரிம்மில் நடப்பதில்லை. சக்கரத்தின் நடுவே, இடப்பக்கத்தில் பொருத்திய எஃகுத் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. ராடு பிரேக் வண்டியிலும் ரப்பர் கட்டை வைத்த வண்டியிலும் பழகிய கை, நான்கு விரல்களையும் மடக்கி முழுப் பிடியாக இறுக்கும். அந்த வண்டிகளுக்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது. அதே பலத்தை நல்ல டிஸ்க் பிரேக்குக்குக் கொடுத்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரமானால் வண்டி சறுக்கும், முன்சக்கரமானால் ஆளே கவிழலாம். கோவைக்கு மேற்கே மருதமலை, வடக்கே குன்னூரும் கோத்தகிரியும், தெற்கே வால்பாறை என மலைப்பாதைகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றில் இறங்குவதற்கு முன்பே சமதரையில் கையைப் பழக்கி முடித்துவிட வேண்டும்.

எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு

முதல் வேலை, வண்டியை நிறுத்தி வைத்தே செய்யக்கூடியது. ஒரு லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நம் ஊரில் மோட்டார் சைக்கிளானாலும் ஸ்கூட்டரானாலும் வலக்கை லீவர் முன்சக்கரத்துக்கே போகிறது. ஆனால் அமெரிக்க வழக்கப்படி பூட்டப்பட்டு வரும் சைக்கிள்களில் இடக்கை லீவர்தான் முன் பிரேக். ஸ்கூட்டரில் பழகிய ஒருவர், இடக்கை பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்ற நினைப்பில் அதை அழுத்தினால் ஆபத்து. மாறியிருந்தால் கடையிலேயே மாற்றிப் பூட்டச் சொல்லலாம். கேபிள் வகையில் இது எளிய வேலை. ஹைட்ராலிக் வகையில் குழாயைக் கழற்றி எண்ணெயைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அடுத்தது லீவர் இருக்கும் இடம். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லீவரின் நுனியில் படுமாறு, லீவரைக் கைப்பிடியிலிருந்து சற்று உள்ளே நகர்த்திப் பூட்ட வேண்டும். மற்ற மூன்று விரல்களும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்கும். கேபிள் டிஸ்க்கில் ஒரு விரலின் பலம் போதாவிட்டால் இரண்டு விரல். அதற்கு மேல் தேவைப்பட்டால் கேபிளிலோ பேடிலோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

பேடைப் படியவைத்தல்

புது டிஸ்க் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. பேடின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டின்மேல் ஒட்டிய பிறகுதான் முழுப் பிடி கிடைக்கும். பலர் இப்படிப் பேடைப் படியவைக்காமலேயே ஓட்டத் தொடங்கி, "பிரேக் பிடிக்கவில்லை, கத்துகிறது" என்று கடைக்குத் திரும்புகிறார்கள். சைட் பிரித்துப் போட்டு இன்னும் வீடு எழும்பாத லேஅவுட்டுகள் நகரைச் சுற்றி இருக்கின்றன. அங்குள்ள ஆளில்லாத தார்ச்சாலை இதற்குப் போதும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை மிதித்து, ஒரே பிரேக்கைச் சீராக அழுத்தி, நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். முற்றிலும் நிறுத்தக் கூடாது, சக்கரம் பூட்டவும் கூடாது. நின்ற இடத்தில் பேடின் பொருள் திட்டாக ஒட்டிக்கொண்டு, பிறகு அதிர்வு கொடுக்கும். முன்சக்கரத்துக்குப் பதினைந்து இருபது முறை, பின்சக்கரத்துக்கும் அதேபோல. நடுவிலேயே பிடி கூடிவருவது விரலுக்குத் தெரியும்.

நிறுத்தக் கற்றல்

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று சிறுவயதில் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் ஏராளம். பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டும் பழக்கம் இப்படித்தான் வந்தது. டிஸ்க் வண்டியில் அதை மாற்றியே ஆக வேண்டும். வேகம் குறையும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வருகிறது. பின்சக்கரம் இலேசாகி, சிறிய அழுத்தத்துக்கே சறுக்கத் தொடங்குகிறது. நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியைச் செய்யக்கூடியது முன் பிரேக்தான். கவிழ்வதற்குக் காரணம், அதைத் திடீரென்று இறுக்குவதும், கை தளர்ந்து உடல் முன்னே பாய்வதும்.

அதே லேஅவுட்டில் ஒரு கோடு குறித்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கலாம். முதலில் மெதுவாக வந்து, முன் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, கோட்டில் நிற்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து. வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது, பெடல்கள் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னே தள்ளி, கைகளை விறைக்காமல் ஊன்றிக்கொள்ள வேண்டும். கடைசியில், பின் பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, உடனே விரலைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். இந்த விடுவிக்கும் பழக்கம் மிக முக்கியம். பயத்தில் கை இறுகத்தான் செய்யும். தளர்த்தக் கற்ற விரலே வண்டியை மீட்கும்.

மழையில் டிஸ்க்கின் அருமை தெரியும். நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். தட்டு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதாலும், துளைகள் வழியே நீர் வெளியேறுவதாலும் டிஸ்க் அரைச் சுற்று, ஒரு சுற்றிலேயே பிடித்துவிடும். ஆனால் பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் அதனால் கூடுவதில்லை. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும் சிக்னல் அருகில், பாதி வேகம் போதும்.

மலை இறக்கம்

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி இரண்டு மெல்லிய தட்டுகளில் வெப்பமாகிறது. ஆகவே லீவரை இலேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் மிகத் தவறான முறை. தட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது. பேடு கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடியை இழக்கும். நேரான பகுதியில் வண்டியை ஓடவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்திக்கொண்டு திரும்ப வேண்டும்.

இதைப் படிப்படியாகவே பழக வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள குன்னூர்ப் பாதைக்கு முன் மருதமலை போன்ற சிறிய இறக்கம். ஆழியாறுக்கு மேலே 40 வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலை அதற்குப் பிறகு. கருகிய வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ ஓரமாக நிறுத்திவிட வேண்டும். குன்னூர்ப் பாதையில் பர்லியாறில் பழக்கடைகள் இருக்கும் இடம் அதற்கு வசதியானது. சூடான தட்டைத் தொட்டால் விரல் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் தட்டு கோணலாகலாம். தானாக ஆறட்டும்.

எண்ணெய்ப் பகை

டிஸ்க் பிரேக்கைக் கெடுப்பதில் எண்ணெய்க்கு நிகர் வேறில்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையால் தட்டைத் தொட்டாலே பிடி குறைந்து கீச்சொலி வரும். செயினுக்கு எண்ணெய் விடும்போது துணியில் நனைத்துத் தடவ வேண்டும்; ஸ்பிரே ஆகாது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலோ எண்ணெயோ அடிக்கும் வழக்கம் உண்டு; டிஸ்க் சைக்கிளை அங்கே கொடுக்காமல் வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவுவதே நல்லது. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தை ஹேண்டில்பாரிலும் சட்டத்திலும் வைக்கலாம், தட்டில் வேண்டாம்.

தட்டில் எண்ணெய் பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். வழவழப்பான பேடை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்தால் சரியாகும். எண்ணெயைக் குடித்துவிட்ட பேடு தேறாது. அடுப்பில் வாட்டிப் பார்ப்பது புகையைத்தான் தரும். புதிது போடுவதே வழி.

பஞ்சரும் பராமரிப்பும்

பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றியதும், யாரும் லீவரை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக் வகையில் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொண்டால் தட்டு உள்ளே நுழையாது. கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்துப் பேடுகளுக்கு நடுவே செருகி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தால், நிமிர்த்திய பின் லீவரைச் சில முறை அழுத்தி, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். குயிக் ரிலீஸ் உள்ள முன்சக்கரத்தை நன்றாக இறுக்குவது கட்டாயம். டிஸ்க்கின் இழுப்பு, தளர்ந்த அச்சைக் கவட்டிலிருந்து வெளியே தள்ளக்கூடியது.

சக்கரத்தை மாட்டியதும் தட்டு உரசினால், பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் ஆலன் கீயால் சற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறிமாறி இறுக்கினால் பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும். பேடின் பொருள் 0.5 மில்லிமீட்டருக்குத் தேயும்போது மாற்றிவிட வேண்டும். ஷிமானோ தட்டுகள் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5 மில்லிமீட்டருக்கு இறங்கினால் தட்டையும் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக்கில் ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவற்றுக்கு மினரல் ஆயில். வேறு சில நிறுவனங்களின் பிரேக்குகள் டாட் திரவத்தில் இயங்குகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். லீவரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். பேடோ தட்டோ புதிதாகப் போட்டால், படியவைக்கும் வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.