கையும் கோலும்

வ. புதுப்பட்டி, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஊர். மாணவர்களே! அவ்வூர் நெல்வயலில் டிராக்டர் உழுவதைக் கூர்ந்து நோக்குங்கள். சேறு மிகுந்த இடத்தை அணுகுங்கால், ஓட்டுபவர் கிளட்சை மிதித்து, ஒரு கோலைப் பற்றி அசைப்பார். வண்டியின் விரைவு குறையும், வலிமை பெருகும். அதுவே கியர்க்கோல்.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது? 12 பற்களையுடைய சக்கரம் 36 பற்களையுடைய சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். சிறியது மும்முறை சுழன்றால், பெரியது ஒருமுறையே சுழலும். உராய்வால் வரும் இழப்பை நீக்கிப் பார்ப்பின், திருப்பும் விசை மும்மடங்காகும். இத்தகைய இணைகள் பல ஒரு பெட்டியினுள் அடங்கியுள்ளன. வேண்டும் இணையைத் தெரிந்தெடுப்பதே கோலின் தொழில்.

தொழிற்சாலையில் ஆக்கிய வண்டியில் இக்கோல் கைக்கு எட்டும் இடத்தில் அமைந்திருக்கும். பல வண்டிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே புதுவண்டி ஆக்குவோர்க்கோ இது பெருஞ்சிக்கல். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் (1954–1995) இத்தகைய ஆக்கத்தில் வல்லவர். அயல்நாட்டுப் பந்தய வண்டிகள் நம் இளைஞர்க்கு எட்டா விலையின. ஆதலின், 1983-இல் விற்பனைக்கு வந்த மாருதி 800 என்னும் சிறு காரின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கொண்டு, ஒருவரே அமரும் பந்தய வண்டியை அவர் அமைத்தார். அதுவே ஃபார்முலா மாருதி. காரில் முன்புறம் இருந்த எஞ்சின், இதில் ஓட்டுபவரின் முதுகுப்புறம் சென்றது. இருக்கையோ தரையை ஒட்டித் தாழ்ந்தது. இத்தகைய வண்டிக்குப் பழைய கோல் பொருந்துமோ? பொருந்தாது. புதுக்கோலும், பின்னே நீண்டு செல்லும் இணைப்புத் தண்டும் வேண்டும்.

அவற்றை ஆக்கும் முறை யாது? கிணற்றங்கரைத் துலாவைப் போலக் கோலும் ஒரு நெம்புகோலே. சுழலச்சுக்கு மேல் 20 செ.மீ., கீழ் 5 செ.மீ. எனின், கை 8 செ.மீ. நகரத் தண்டு 2 செ.மீ. நகரும். மேற்பகுதியை 10 செ.மீ. ஆக்கினால், கை 4 செ.மீ. நகர்ந்தாற் போதும், ஆயின் இருமடங்கு விசை வேண்டும். விரைவை விரும்புவோன் உழைப்பைத் தந்தே அதனைப் பெறல் வேண்டும். கோலடி நகரும் திசையும் பெட்டி வேண்டும் திசையும் மாறுபடின், இடையே மற்றொரு நெம்பினை வைத்துத் திசையைத் திருப்புவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று மூட்டுகளில் ஒவ்வொன்றும் 1 மி.மீ. தளர்ந்திருந்தால், தண்டில் 3 மி.மீ. வீண் அசைவு தோன்றும். முதலிற் கூறிய கோலின் பிடியில் அது 12 மி.மீ. ஆகும். அந்நிலையில் கை ஒன்றைக் கருத, பெட்டி பிறிதொன்றைச் செய்யும். முன்னே செல்ல எண்ணியவன் பின்னே நிற்பவர்மேல் வண்டியை ஏற்றிவிடவும் கூடும். ஆதலின் பின்செல்லும் கியருக்கு ஒரு வில்தடை அமைப்பர். எஞ்சினை நிறுத்தி வைத்தே ஒவ்வொரு கியரையும் பன்முறை பொருத்திப் பார்ப்பர். அதன்பின்னும் உரிய பதிவின்றி அவ்வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுதல் சட்டத்திற்கு மாறானது. பந்தய வண்டிக்குரிய இடம் பந்தயத் திடலே.

கரிவர்தன் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். அவர் ஆக்கிய வகை வண்டியில் பந்தயம் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடல் கரிவர்தன் பெயரையே தாங்கி நிற்கிறது.

இல்லாத பொருளுக்கு ஏங்கி நில்லாது, இருப்பதைக் கொண்டு ஆக்குவது அறிவு. ஆக்கியதை ஐயுற்று மீண்டும் மீண்டும் ஆராய்வது பொறுப்பு. இவ்விரண்டும் ஒருவனிடத்துக் கூடின், அவன் கைவினை பிறர்க்கும் பயன்படும்.