பசியாறியாச்சா?

“பசியாறியாச்சா?”

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. காலை வேளையில் யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே நம் வாயில் வந்துவிடும் கேள்வி இது. கேட்பவர் உடனே தோசை சுட்டுப் போடப் போகிறார் என்பது இதற்குப் பொருளல்ல. ‘நீ நலமா இருக்கிறாயா என்று எனக்கு அக்கறை உண்டு’ என்பதே இதன் உட்பொருள். இத்தகைய சின்னஞ்சிறு அன்புச் செயல்கள் நம் உடலுக்கும் உறவுக்கும் என்ன நன்மை செய்கின்றன? என் வாழ்வில் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளோடும், ஆய்வாளர்கள் கண்டறிந்த சில உண்மைகளோடும் இதைப் பற்றிப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு கிண்ணம் கஞ்சி

பல்கலைக்கழகத்தில் நான் முதலாம் ஆண்டு படித்தபோது டெங்கி காய்ச்சல் கண்டு, மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். மாடிப்படி ஏறவே தெம்பில்லை. என் அறைத்தோழியோ வார இறுதி என்று ஊருக்குப் போயிருந்தாள். மாலையில் கதவு தட்டும் ஓசை கேட்டது. திறந்தால், எதிர் அறையில் தங்கியிருந்த கிளந்தான் மாநிலத்து மலாய்த் தோழி ஒரு கிண்ணம் வெள்ளைக் கஞ்சியும் கொஞ்சம் பொரித்த நெத்திலியும் வைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு புன்னகைக்கு மேல் எதையும் பரிமாறிக்கொண்டதில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஒரு செய்தியைச் சொன்னாள். அன்று கஞ்சியை வாங்கி வந்தவள், என் கதவைத் தட்டாமல் இரண்டு முறை தன் அறைக்கே திரும்பிவிட்டாளாம். ‘இவள் இதைச் சாப்பிடுவாளா? தேவையில்லாமல் தலையிடுகிறேன் என்று நினைப்பாளா? வெறும் கஞ்சிதானே, இதைப் போய்க் கொடுப்பதா?’ என்றெல்லாம் தயங்கியிருக்கிறாள். எனக்கோ அந்தக் கிண்ணம் இன்றுவரை மறக்கவில்லை.

இந்தத் தயக்கம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றிப் பல சோதனைகள் நடத்தி, 2022ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று சிகாகோ நகரில் பனிச்சறுக்குத் திடல் ஒன்றில் நடந்தது. அங்கு வந்தவர்களிடம் ஒரு கோப்பை சூடான சாக்லெட் பானத்தைக் கொடுத்து, விரும்பினால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைத் தரலாம் என்றார்கள். கொடுத்தவர்களிடம், ‘பெறுபவர் எந்த அளவுக்கு மகிழ்வார்?’ என்று கேட்டார்கள். அவர்கள் கணித்ததைவிடப் பெற்றவர்களின் மகிழ்ச்சி அதிகமாக இருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? கொடுப்பவரின் கண் பொருளின் மீது இருக்கிறது. ‘இது ஒரு கோப்பை பானம்தானே’ என்று அவர் எண்ணுகிறார். பெறுபவரின் மனமோ அதன் பின்னால் இருக்கும் அன்பின் மீது பதிகிறது. நாம் அன்பு காட்டத் தயங்குவதற்குக் காரணம் பல நேரங்களில் கல்நெஞ்சம் அல்ல, தவறான கணக்குதான்!

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

அன்பைப் பெற்றவர் மகிழ்வார் என்பது தெரிந்ததே. கொடுத்தவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் வியப்பானது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் டன் குழுவினர் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 46 பேரிடம் காலையில் 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்து, மாலை 5 மணிக்குள் செலவு செய்யச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் தங்களுக்காகவும், மறு பகுதியினர் பிறருக்காகவும் செலவிட வேண்டும். மாலையில் விசாரித்தபோது, பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தனர். தொகை 5 டாலரா 20 டாலரா என்பது பெரிய மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. கல்விக் கடனை நம்பி மாதத்தை ஓட்டும் மாணவர்களாகிய நமக்கு இது எவ்வளவு ஆறுதலான செய்தி!

உடல்நலத்திற்கும் இதில் பங்கு உண்டா? அதே கனடாவில் உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியோரிடம் வாரம் 40 டாலர் வீதம் மூன்று வாரங்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பிறருக்காகச் செலவிட்ட முதியோரின் இரத்த அழுத்தம், தமக்காகச் செலவிட்டவர்களுடையதைவிடக் குறைந்திருந்ததாக 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. இது சிறிய ஆய்வுதான். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆயினும் இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கவலையில் மூழ்கியிருக்கும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களை அதிகம் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. நம் கவனம் இன்னொருவரின் தேவை மீது திரும்பும் அந்தச் சிறு பொழுதில், நம்மையே சுற்றிச் சுற்றி வரும் எண்ணம் சற்று ஓய்கிறது.

பாட்டியின் கறிவேப்பிலை

இரண்டாவது நிகழ்ச்சி என் பாட்டியைப் பற்றியது. கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்டுவதற்குப் பாட்டிதான் போவார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மிளகு ரசம் பாட்டி வீட்டிலிருந்துதான் போகும். தோட்டம் விற்கப்பட்ட பிறகு, கிள்ளானில் நாங்கள் குடியிருந்த மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு அவரை அழைத்து வந்தோம்.

நாங்கள் அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கினோம். “நீங்க ஒக்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிறோம்” என்பதே வீட்டில் எல்லாருடைய வசனமும். அவரைக் காய் நறுக்கவும் விடவில்லை. ஆனால் பாட்டி நாளுக்கு நாள் வாடினார். பகலெல்லாம் படுத்தே கிடந்தார். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் கூடுதலாகவே இருந்தது. ஒரு விடுமுறையில் நான் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, “என்னால இப்ப யாருக்கும்மா பிரயோசனம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கிருந்த மாக்சிக் ஒருநாள் மீன் கறிக்குக் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வந்தார். கடையில் வாங்கியது அன்று தீர்ந்துபோயிருந்தது. பாட்டிக்கு அது பொறுக்கவில்லை. மறுவாரமே, பழைய தோட்டத்து உறவினர் வழியாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை வரவழைத்து, காலி மைலோ டின்னில் நட்டார். ஒரு டின் நான்கானது. தழைத்த பிறகு அந்த மாடியில் யாருக்குக் கறிவேப்பிலை வேண்டுமானாலும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். பதிலுக்குப் பலகாரம் வந்தது. மலாய் மொழி அதிகம் தெரியாத பாட்டியும் தமிழ் தெரியாத மாக்சிக்கும் மாலையில் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள்! பாட்டியின் இரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கியது. மருந்து தொடர்ந்தது. எனவே கறிவேப்பிலைதான் குறைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பகலில் படுப்பதை விட்டார் என்பதை நாங்கள் எல்லாரும் கண்டோம்.

பிற்காலத்தில் ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது பாட்டிதான் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் 423 முதிய தம்பதியரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. மற்றவர்களுக்கு உதவியாக இருந்த முதியோருக்கு அக்காலத்தில் இறக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உதவியைப் பெற்றதால் மட்டும் அத்தகைய பலன் தெரியவில்லை. நாங்கள் பாட்டிக்கு எல்லாவற்றையும் கொடுத்தோம், கொடுக்கும் உரிமையை மட்டும் பறித்துவிட்டோம்.

நானும் அதில் பங்காளிதான். ஒவ்வொரு முறை விடுதிக்குக் கிளம்பும்போதும் பாட்டி முந்தானையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து என் கையில் திணிப்பார். “வேணாம் பாட்டி, எங்கிட்ட இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதைப் பாசம் என்று நினைத்தேன். அது மறுப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

ஒப்புரவு என்னும் சொல்

திருக்குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னால், 22ஆவதாக, ஒப்புரவறிதல் இருக்கிறது. ஈகை என்பது இல்லாதவருக்கு இருப்பவர் தருவது. ஒப்புரவோ, சேர்ந்து வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் பயன்பட்டு வாழ்வது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஈகையில் கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை வேறு. ஒப்புரவில் இரு கைகளும் மாறி மாறி இரண்டு வேலையையும் செய்கின்றன. கஞ்சிக் கிண்ணமும் கறிவேப்பிலையும் ஒப்புரவைச் சேர்ந்தவை. உறவு அங்கேதான் வளர்கிறது.

கட்டாயத்தில் கனியுமா?

ஓர் எச்சரிக்கையும் தேவை. புறப்பாட நடவடிக்கைப் புள்ளிக்காக முதியோர் இல்லத்திற்குச் சென்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, தாமே விரும்பி உதவுவோருக்கே மனநலப் பலன் கிடைக்கிறது, வற்புறுத்தலால் உதவுவோருக்கு அது கிடைப்பதில்லை என்று காட்டியது. அதுபோல், தன் உறக்கத்தையும் படிப்பையும் கெடுத்துக்கொண்டு எல்லாருக்கும் ‘சரி’ சொல்வதும் அன்பாகாது. இயன்றதை மனமுவந்து செய்வதே நிலைக்கும்.

எனவே, அன்புத் தோழர்களே, நான் உங்களிடம் கேட்பவை இரண்டே. கொடுக்கத் தோன்றினால் கணக்குப் பார்க்காமல் கதவைத் தட்டுங்கள். விடுதியில் தனியாகச் சாப்பிடும் முதலாம் ஆண்டு மாணவரின் எதிரில் போய் அமருங்கள். அடுத்து, யாராவது உங்களுக்குக் கொடுத்தால், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பாக, வீட்டில் உள்ள பெரியவர்கள் கொடுத்தால்.

பாட்டி இன்று இல்லை. அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்து வெள்ளியை நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை. “பசியாறிட்டுப் போம்மா” என்பார். விடுதியிலிருந்து நான் அழைக்கும்போதெல்லாம், “பாட்டி கொடுத்த காசுலதான் இன்னிக்குப் பசியாறினேன்” என்பேன். மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்கும்.