ஆப்பிள் சரக்கு தீர்ந்துபோச்சா?



போன எபிசோடில் "ஆப்பிள்ல இனி புதுசா ஒண்ணும் வராது, வருஷா வருஷம் கேமராவை இடம் மாத்தி வைக்கிறாங்க, அவ்வளவுதான்" என்று அடித்துவிட்டேன். திரும்பக் கேட்டபோது எனக்கே உறுத்தியது. ஏன்னா, இதே நினைப்பில் ஒருமுறை சொந்தக் காசில் சூடு பட்டவன் நான்.

2020 கடைசியில், லண்டனில் நிரந்தர வேலையை விட்டுட்டு கான்ட்ராக்டராக மாறியிருந்தேன். லேப்டாப் நம்ம செலவு. அந்த நவம்பரில்தான் ஆப்பிள் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர் வந்தது. பார்த்தால் அதே பழைய பெட்டி. "என்ன மாறிடுச்சு?" என்று வேறொரு லேப்டாப் வாங்கினேன். ஆபீஸ் திறந்தபிறகு, பக்கத்து சீட் நண்பர் அந்த எம்1-ஐக் கொண்டுவந்தார். கோட் கம்பைல் ஆகும்போது என் மெஷின் மிக்ஸி மாதிரி கத்தும். அவர் மெஷினில் ஃபேனே கிடையாது. சார்ஜரையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

நான் வெளித்தோற்றத்தைப் பார்த்தேன். மாற்றம் உள்ளே நடந்திருந்தது. அதுவும் ஒரே ராத்திரியில் நடக்கவில்லை. 2008-ல் பி.ஏ. செமி என்ற சிப் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. 2010-ல் ஏ4 சிப், 2013-ல் போனுக்கு 64-பிட் ஏ7, பிறகுதான் எம்1. மொத்தம் 12 வருஷம்.

அதில் என்ன விசேஷம்? தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்பில் சிபியுவுக்கு ஒரு மெமரி, ஜிபியுவுக்கு ஒரு மெமரி. டேட்டாவை இங்கிருந்து அங்கே காப்பி பண்ணணும். எம்1-ல் இரண்டுக்கும் பொது மெமரி. கனமான வேலைக்கு 4 கோர், லேசான வேலைக்கு மின்சாரம் குறைவாகக் குடிக்கும் 4 கோர். இன்டெலுக்கு எழுதிய பழைய ஆப்களை ரொசெட்டா 2 மொழிமாற்றி ஓட்டியதால், வாங்கினவங்களுக்குப் பெரிய சிரமமும் இல்லை.

சரி, அப்போ ஆப்பிள் எல்லாத்திலும் கெட்டியா? அதுவும் இல்லை. ஒரு பொருள் புதுமையா என்று பார்க்க நான் இப்போ மூணு கேள்வி கேட்கிறேன்.

1. முன்னால் முடியாத எதை இப்போ செய்ய முடியுது?
2. எத்தனை பேர் கைக்கு அது போய்ச் சேரும்?
3. போட்டியாளர்கள் தங்கள் வழியை மாத்திக்கிட்டாங்களா?

எம்1 ஏர் மூன்றிலும் பாஸ். அமெரிக்க விலை 999 டாலரில் தொடங்கியது. 2024-ல் குவால்காம் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் வரிசையாக வந்தபோது, எல்லாரும் அதை ஒப்பிட்டது மேக்புக் ஏரோடுதான்.

விஷன் ப்ரோ முதல் கேள்வியில் பாஸ். ஆனால் 3,499 டாலர் என்றால் இரண்டாவதில் அங்கேயே நிற்கிறது.

சிரிதான் பாவம். 2011-ல், அலெக்சாவுக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்தது. 2024 ஜூனில் "உங்களைப் புரிஞ்சுக்கிற சிரி" என்று காட்டினார்கள். 2025 மார்ச்சில் தள்ளிப்போகுது என்று அவர்களே சொன்னார்கள். என் கணிப்பு இது: சிப்பை வருஷக்கணக்கில் கதவைச் சாத்திக்கிட்டுப் பக்குவமாகச் செய்யலாம். ஏஐ-யை ஊர் பார்க்க வெளியிட்டு, தப்பு பண்ணித் திருத்தணும். ஆப்பிளின் பலமான பொறுமையே இங்கே காலை வாருது.

ஆக, போன வாரம் நான் சொன்னது பாதி தப்பு. ஆப்பிளில் புதுமை நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத அடுக்குக்கு இறங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அடுக்கில்தான் திணறல்.

வீட்டுப்பாடம்: அடுத்து நீங்க வாங்கப்போகும் பொருளுக்கு இந்த மூணு கேள்வியையும் போட்டுப் பார்த்து, பதிலை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். நான் தப்பென்றால் அதையும் சேர்த்தே வாசிக்கிறேன்.