வேத பாடம்: யோய்தாவின் கல்லறை



தங்களுக்குப் போதித்த ஆசிரியர் மரித்தபின், அவர் பெயரால் நம் மருத்துவமனைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று விரும்புகிறவர்கள் உங்களில் உண்டு. சிலர் கட்டில் தருகிறார்கள். சிலர் பெயர் பொறித்த சலவைக்கல் பதிக்கக் கேட்கிறார்கள். நல்ல விருப்பம்தான். இதற்காக இம்மாதம் 2 நாளாகமம் 24-ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். பிரசங்கங்களில் அதிகம் கேளாத பகுதி அது.

அத்தாலியாள் ராஜகுலத்தாரைக் கொன்றபோது, குழந்தை யோவாசை மறைத்துக் காப்பாற்றியவள் ஆசாரியனாகிய யோய்தாவின் மனைவி. ஆறு வருஷம் தேவாலயத்திலேயே ஒளித்து வளர்த்து, ஏழாம் வயதில் யோய்தா அவனை ராஜாவாக்கினார். அவர் போதித்த காலமெல்லாம் யோவாஸ் செம்மையாய் நடந்தான். யோய்தா 130 வயதில் மரித்தபோது ராஜாக்களோடே அவரை அடக்கம்பண்ணினார்கள். ஓர் ஆசாரியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யூதாவில் ஏது?

அதற்குப்பின் பிரபுக்கள் வந்து ராஜாவைப் பணிந்தார்கள். அவன் அவர்களுக்கு இணங்கினான். விக்கிரகங்கள் திரும்பிவந்தன. யோய்தாவின் குமாரன் சகரியா அதைக் கண்டித்தபோது, ராஜாவின் கட்டளைப்படி ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொன்றார்கள். யோவாசை ஒளித்து வளர்த்த அதே ஆலயம்! அவன் பெற்ற தயவை மறந்தான் என்பதே வேதத்தின் தீர்ப்பு.

தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டி அலங்கரித்தவர்களை ஆண்டவர் மத்தேயு 23-இல் கடிந்துகொள்கிறார். அங்கேயும் ஒரு சகரியாவின் இரத்தம் வருகிறது. அவன் தகப்பன் பெயர் வேறாக இருப்பதால் வேத பண்டிதரிடையே வாதம் உண்டு. அதற்கு இங்கே இடமில்லை.

நம் தஞ்சாவூரிலும் ஒரு குருவும் அவர் வளர்த்த ஒரு ராஜாவும் இருந்தார்கள். 1787-இல் துளஜா மன்னர் தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் பொறுப்பில் விட்டார். ஐயர் அவரைப் படிப்பித்ததோடு, அவருடைய அரசுரிமைக்காகவும் வாதாடினார். ஐயர் 1798 பிப்ரவரி 13-இல் மரித்தார். சில மாதங்களில் சரபோஜி அரியணை ஏறினார். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் ஒன்று செய்வித்தார். மரணப்படுக்கையில் ஐயர், அருகே அவர் கையைப் பற்றியபடி சரபோஜி. சிவகங்கைத் தோட்டத்துக் கிறிஸ்து ஆலயத்தில் அதைக் காணலாம்.

சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் கல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் கிடைக்க வழிசெய்தார். ஐயர் இருந்திருந்தால் யாரைப் பராமரித்திருப்பாரோ அவர்களையே பராமரித்தார். தேவாலயத்துக்குள் வளர்ந்த யோவாசுக்கு அருகே இவரை நிறுத்திப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் ஆசிரியரை நினைத்து எங்களுக்கு எழுதும்போது, அவர் யாருக்காகக் கவலைப்பட்டார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்காகவா? குழந்தைகள் வார்டு இருக்கிறது. ஏழைகளுக்காகவா? கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை வருகிறவருக்கு மருந்துச் செலவோடு கூட இருப்பவரின் சாப்பாட்டுச் செலவும் உண்டு. அவருடைய விதவை தனியாக இருந்தால், முதலில் அங்கே போய்வாருங்கள். எங்களுக்குப் பிறகு அனுப்பலாம். கல்லும் வைக்கலாம், தடையில்லை.

அதிகாரத்தில் 25-ஆம் வசனத்தையும் விடாமல் வாசியுங்கள். யோய்தாவின் குமாரருடைய இரத்தத்தினிமித்தம் யோவாசை அவன் ஊழியக்காரரே படுக்கையில் கொன்றார்கள். தாவீதின் நகரத்தில் அடக்கம்பண்ணினார்கள். ராஜாக்களின் கல்லறைகளில் அவனை வைக்கவில்லை.