குடை விரித்த சந்தை

நுழையும்முன்

சீனத்தின் பெருநகரமாகிய ஷாங்காயின் சந்துகளிலும் பூங்காக்களிலும் நிகழும் சில காட்சிகள் அயலார்க்கு வேடிக்கையாகத் தோன்றும். அவற்றின் பின்னே ஒரு தலைமுறை பட்ட பாடு மறைந்திருக்கிறது. அதனை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

சந்தும் வீடும்

ஹுவாங்பு ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் ஷாங்காயில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் வாழ்கின்றனர். கீழைக் கரையில் 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் கோபுரம் முகிலை முட்டி நிற்கிறது. மேலைக் கரையின் பழைய பகுதிகளிலோ குறுகிய சந்துகளுக்கு மேலே கழிகளில் துணிகள் உலர்கின்றன. இச்சந்துகளை மக்கள் 'லோங்தாங்' என்பர். கற்சட்டமிட்ட வாயில்களையுடைய வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கு எழுந்தன. ஒரு குடும்பத்திற்கெனக் கட்டப்பட்ட வீட்டில் பின்னாளில் பல குடும்பங்கள் குடியேறின. அடுப்படியும் நீர்க்குழாயும் பொதுவாயின. காய்கறி நறுக்குவதும் சீட்டாடுவதும் அண்டை வீட்டாரோடு பூசலிடுவதும் சந்திலேயே நிகழ்ந்தன.

ஷாங்காய் மக்கள் இரவு உடையோடு கடைவீதிக்குச் செல்லும் வழக்கம் இங்ஙனம் தோன்றியதே. சந்தே வீட்டின் கூடமான பிறகு, உடை மாற்றிக்கொண்டு வெளியே செல்வதற்கு 'வெளி' என்பது எங்கே தொடங்குகிறது? 1970களின் இறுதியில் பொருளாதாரக் கதவுகள் திறந்தபின், பூப்போட்ட பைஜாமா வளமையின் அடையாளமாகவும் கருதப்பட்டது. 2010இல் உலகக் கண்காட்சி அங்கு நடைபெற்றபோது, விருந்தினர் முன் இது தகாது என அரசு பரப்புரை செய்தது. தன்னார்வலர்கள் தெருவில் நின்று அறிவுரை கூறினர். கண்காட்சிக்கு ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர். பைஜாமா அணிந்த பாட்டிமார் அதன் பின்னரும் சந்தைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தனர்.

மக்கள் பூங்கா

நகரின் நடுவே அமைந்த மக்கள் பூங்கா, ஒருகாலத்தில் ஆங்கிலேயரின் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. 1952இல் அதன் ஒரு பகுதி பொதுப் பூங்காவாயிற்று. சீன நகரங்களின் பூங்காக்களில் விடியற்காலையில் முதியோர் சிலர் கடற்பஞ்சு முனையுடைய நீண்ட தூரிகையை நீரில் தோய்த்துக் கல்தளத்தில் எழுதுவதைக் காணலாம். எழுதிய சில நிமிடங்களில் எழுத்துகள் உலர்ந்து மறைந்துவிடும். அது பற்றி அவர்களுக்கு வருத்தமில்லை.

சனி, ஞாயிறு நண்பகலில் இப்பூங்காவின் நடைபாதைகள் வேறொரு கோலம் கொள்ளும். வரிசை வரிசையாகக் குடைகள் தரையில் விரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குடைமீதும் ஒரு தாள் செருகப்பட்டிருக்கும். பிறந்த ஆண்டு, உயரம், கல்வி, பணி, மாத வருவாய், சொந்த வீடு உண்டா இல்லையா என்னும் செய்திகள் அதில் இருக்கும். பெயரும் படமும் பெரும்பாலும் இரா. குடையின் அருகே சிறு முக்காலியில் தாயோ தந்தையோ அமர்ந்திருப்பார். மக்களுக்கு மணத்துணை தேடும் பெற்றோர் 2004ஆம் ஆண்டளவில் தாமாகவே கூடத் தொடங்கிய சந்தை இது.

தாளில் தவறாமல் இடம்பெறும் மற்றொன்று 'ஹுகோவ்' எனப்படும் குடியிருப்புப் பதிவு. ஷாங்காய்ப் பதிவு உடையவர்க்கு அந்நகரின் பள்ளி, மருத்துவம் முதலிய வசதிகள் எளிதில் கிட்டும். வெளியூர்ப் பதிவினர் எத்துணைப் படித்தவராயினும் சில பெற்றோர் தாளைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவர்.

சீனத்தில் பெண்களைவிட ஆண்களே மிகுதி. ஆயினும் இச்சந்தையில் மகள்களின் தாள்களே மிகுந்து காணப்படும். உயர்கல்வி கற்று நல்ல பணியிலிருக்கும் பெண் முப்பதை நெருங்கினால் 'ஷெங்நு', அதாவது எஞ்சிப்போன பெண், எனப்படுகிறாள். பட்டத்தையும் வருவாயையும் பெருமையோடு எழுதிய தாய், பிறந்த ஆண்டை எழுதும்போது தயங்குகிறாள்.

இப்பெற்றோருள் பலர் தம் இளமையில், 1968 முதல் அரசால் சிற்றூர்களுக்கு உழைக்க அனுப்பப்பட்ட நகர இளைஞர்கள். கல்வியும் காதலும் அவர்கள் விருப்பப்படி அமையவில்லை. திரும்பி வந்தபின் ஒரே குழந்தை என்னும் சட்டம் வந்தது. 2015இன் இறுதிவரை அது நீடித்தது. அந்த ஒரே பிள்ளையும் தனித்து நின்றுவிடுமோ என்னும் அச்சமே முக்காலியில் அவர்களை அமர்த்துகிறது. பிள்ளைகளுள் பலருக்கோ தம் பெயரில் ஒரு குடை விரிந்திருப்பதே தெரியாது. தெரிந்த சிலர் சினங்கொள்வர்.

2016இல் இப்பூங்காவில் எடுக்கப்பட்ட குறும்படம் ஒன்றில், பெண்கள் தம் படங்களையும் கருத்துகளையும் தாமே அங்கு வைத்தனர். பெற்றோர் அவற்றைப் படித்துக் கண்கலங்கினர். அஃது ஓர் அழகுப்பொருளுக்கான விளம்பரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் அதில் பேசிய பெண்களின் துயரம் விளம்பரத்திற்காகப் பிறந்ததன்று.

மாலை ஐந்து மணியளவில் கூட்டம் கலைகிறது. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையைச் சுருக்கிக் கையிடுக்கில் இடுக்கியவாறு முதியோர் சுரங்க ரயிலை நோக்கி நடக்கின்றனர்.