காருக்குத் தாய்நாடு எது?

புதிய கார் ஒன்று தெருவில் வந்து நின்றவுடன், அதன் விலையைக் கேட்பதற்கு முன்பே அது எந்த நாட்டு வண்டி என்று கேட்டுவிடுவது நம்மவர் வழக்கம். ஜப்பான் வண்டி லேசில் பழுதாகாது, ஜெர்மனி வண்டி கனமாகத் தரையைப் பிடித்து ஓடும், உள்நாட்டு வண்டிக்கு உதிரிபாகம் சல்லிசாகக் கிடைக்கும் என்று வழிவழியாக வந்த அபிப்பிராயங்கள் யாவும் அந்த ஒற்றைக் கேள்வியின் விடையைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. ஆந்திரத்தில் ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் சாலையில் அமைந்த ஏர்பேட்டுக்காரர்கள் இக்கேள்வியைச் சற்று நிதானித்துக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அவ்வூருக்கு மேற்கே காரகம்பாடியில் கார்களுக்கான பாட்டரிகள் உற்பத்தியாகின்றன. தென்கிழக்கே சின்னபண்டூரில் டயர்கள் உருவாகின்றன. ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரத்தில் வண்டியே முழு உருவம் பெற்று வெளிவருகிறது. இத்தனையும் ஒரே ஜில்லாவுக்குள் நடக்கும்போது, அங்கிருந்து புறப்படும் வண்டியை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? இது குறித்து உலவும் ஆறு நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

நம்பிக்கை 1: முகப்பில் உள்ள பெயர் எந்த நாட்டுடையதோ, வண்டியும் அந்த நாட்டுடையது.

உண்மை: ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட இசுஸு தொழிற்சாலையே இதற்குத் தக்க மறுப்பு. இசுஸு என்பது ஜப்பானியப் பெயர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தயாராகும் டி-மேக்ஸ் என்னும் பிக்-அப் வண்டி, 2002-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் வெளிவந்து, அந்நாட்டையே தலைமை உற்பத்தித் தலமாகக் கொண்டு, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஜப்பானிலோ அது விற்பனைக்கே இல்லை. ஆகவே, ஜப்பான் வண்டி என்று நாம் நம்பி வாங்கும் ஒன்றை டோக்கியோவாசி ஒருவர் தம் ஊர் விற்பனைக் கூடத்தில் காண இயலாது. ஸ்ரீசிட்டி ஆலை எழுவதற்கு முன்னர், அதே பெயர் தாங்கிய வண்டிகள் திருவள்ளூரை அடுத்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஒப்பந்த முறையில் பூட்டப்பட்டன. ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேட்டு வட்டாரமும், திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்து அதற்கு ஈடாகச் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போன 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரையில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. இத்தனை சரித்திரத்தையும் தாங்கிய வண்டியின் முகப்பில் இருக்கும் பெயர், வியாபார முத்திரையின் பூர்விகம் ஒன்றைத்தான் அறிவிக்கிறது.

நம்பிக்கை 2: கம்பெனியின் சொந்தக்காரர் எந்த நாட்டினரோ, வண்டியும் அந்த நாட்டினது.

உண்மை: 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார், லாண்ட் ரோவர் ஆகிய இரண்டையும் டாட்டா மோட்டார்ஸ் விலைக்கு வாங்கிற்று. அதற்கு முந்திய நாள் வரை அவை அமெரிக்கக் கார்களாகவும், மறுநாள் விடிந்ததும் இந்தியக் கார்களாகவும் ஆகிவிட்டன என்று எவரும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் அதே தொழிலாளர் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தனர். நம்முடைய மாருதியின் கதை இதைத் தலைகீழாகக் காட்டும். அரசாங்க ஸ்தாபனமாகத் தொடங்கிய அக்கம்பெனியில் 1982-இல் சுஸுகி 26 சதவிகிதப் பங்கோடு நுழைந்தது. 2002-இல் பெரும்பங்கு அதன் கைக்கு மாறியது. 2007-இல் அரசாங்கம் முற்றிலும் விலகிக்கொண்டது. பங்குப் பத்திரங்கள் இவ்வாறு கைமாறியபோதும் குர்காவ் ஆலையிலிருந்து மாருதி 800 வந்துகொண்டேயிருந்தது. பங்குக் கணக்கைக் கொண்டு அதன் தேசத்தை நிர்ணயிப்பதானால், ஒரே வண்டி பாதி வழியில் குடியுரிமை மாறியதாக அல்லவா சொல்ல வேண்டிவரும்? சொந்தக்காரர் யார் என்பது லாபம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லும். அது முக்கியமான விஷயமே, ஆயினும் வேறு விஷயம்.

நம்பிக்கை 3: சேஸிஸ் நம்பரின் முதல் எழுத்தும், நம்பர் பிளேட்டில் உள்ள ‘ஐ.என்.டி.’ என்ற மூன்றெழுத்துக் குறியும் வண்டி பிறந்த நாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மை: சர்வதேச முறைப்படி ஒவ்வொரு வண்டிக்கும் பதினேழு எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளம் ஒன்று பொறிக்கப்படுகிறது, அதன் முதல் மூன்று இடங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கின்றன. இந்தியாவுக்கு ‘எம்’, ஜப்பானுக்கு ‘ஜே’, கொரியாவுக்கு ‘கே’, ஜெர்மனிக்கு ‘டபிள்யூ’, பிரிட்டனுக்கு ‘எஸ்’ என்று முதலெழுத்துகள் பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலான சமயங்களில் இந்த ஊகம் பலித்துவிடுகிறது. ஆனால் அவ்வெழுத்து உற்பத்தியாளர் எங்கே பதிவு பெற்றவர் என்பதைக் குறிக்கலாமேயன்றி, அந்தக் குறிப்பிட்ட வண்டி எந்த ஆலையில் உருவாயிற்று என்பதற்குச் சாட்சி கூறக் கடமைப்பட்டதன்று. ஸ்லோவாக்கியா தேசத்தின் நித்ரா நகரத்தில் தயாராகும் லாண்ட் ரோவர் டிபெண்டர், பிரிட்டனுக்குரிய ‘எஸ்’ என்ற எழுத்தோடுதான் உலகைச் சுற்றுகிறது.

நம்பர் பிளேட்டின் கதை இன்னும் எளிது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கப்பட்ட உயர்பாதுகாப்புப் பலகையில் அசோகச் சக்கரத்தின் கீழே அம்மூன்றெழுத்துகள் இருக்கின்றன. வண்டி இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் கிடையாது. கப்பலில் முழுசாக வந்திறங்கிய ரோல்ஸ் ராய்ஸிலும் அவையே ஒட்டியிருக்கும். அதே ஆண்டில் ஆந்திரப் பிரதேசம் ஜில்லாவுக்கொரு எண் என்ற முறையை விட்டு ‘ஏ.பி. 39’ என்ற பொது எண்ணுக்கு மாறியபின், சித்தூர் ஜில்லாவுக்குரிய பழைய ‘ஏ.பி. 03’ புதிய வண்டிகளில் தோன்றுவதில்லை. பலகை இப்போது வண்டிக்காரரின் ஜில்லாவைக்கூடச் சொல்வதில்லை. வண்டியின் பிறப்பிடத்தை அதனிடம் கேட்பதில் என்ன பயன்?

நம்பிக்கை 4: இந்திய மண்ணில் பூட்டப்பட்டால் அது இந்திய வண்டி.

உண்மை: இந்த வாதம் சுதந்திர இந்தியாவின் தொடக்க காலத்திலேயே வந்து, தீர்ப்பும் பெற்றுவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயிலும், போர்டு அதையடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும், பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களை ஒன்றுசேர்த்துக் கார்களாக விற்றுவந்தன. 1953-இல் தீர்வைக் கமிஷன் இத்தொழிலை ஆராய்ந்த பிறகு, பாகங்களையும் படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்களுக்கே இனி இடம் என்று அரசாங்கம் முடிவு செய்தது; வெறும் பூட்டுவேலையோடு நிற்க விரும்பிய அவ்விரு பெரிய கம்பெனிகளும் இந்தியாவை விட்டு வெளியேறின. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டாகி, லாரித் தொழிலில் நிலைபெற்று வளர்ந்தது. பூட்டுவதற்கும் உற்பத்தி செய்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சுங்கச் சட்டம் இன்றைக்கும் மறக்கவில்லை: முழு வண்டியாக வந்தால் ஒரு தீர்வை, இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முன்னமே பூட்டப்பட்ட தொகுதியாக வந்தால் அதைவிடக் குறைந்த தீர்வை, அவையும் பூட்டப்படாத தனித்தனிப் பாகங்களாக வந்தால் இன்னும் குறைந்த தீர்வை என்று படி வைத்திருக்கிறது.

நம்பிக்கை 5: ஓர் ஆணி விடாமல் உள்நாட்டிலேயே செய்திருந்தால்தான் அது சுதேசிக் கார்.

உண்மை: முந்தியதற்கு நேர் எதிரான இந்த வைராக்கியமும் ஒருமுறை விதியாகவே நடைமுறைக்கு வந்து பார்த்தது. 1900 முதல் 1905 வரை ஐரோப்பாவில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில், ஒரு நாட்டின் சார்பாக ஓடும் காரின் எல்லா உறுப்புகளும் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1901-இல் இங்கிலாந்தின் நேப்பியர் காருக்கு உள்நாட்டு டயர்கள் தாங்காமற்போகவே பிரெஞ்சு டயர்களைப் பூட்டினார்கள். அதனாலேயே அது கோப்பைக்கு ஓடும் உரிமையை இழந்தது. 1904-இலோ, ஜெர்மனியின் பெருமையான மெர்ஸிடிஸ், ஆஸ்திரிய ஆலையில் கட்டப்பட்ட வண்டிகளைக் கொண்டு ஆஸ்திரியாவின் சார்பிலும் களத்தில் இறங்கியது. மோட்டார்த் தொழில் குழந்தைப் பருவத்தில் இருந்த அக்காலத்திலேயே காப்பாற்ற முடியாதுபோன அந்தத் தூய்மை, பல்லாயிரம் உறுப்புகள் சேர்ந்து ஒரு காராகும் இக்காலத்தில் எப்படிச் சாத்தியம்? காரகம்பாடியின் அமர ராஜா பாட்டரி திருப்பதிப் பக்கத்துச் சரக்குதான். எனினும் அதன் கார் பாட்டரித் தொழில் அமெரிக்காவின் ஜான்ஸன் கண்ட்ரோல்ஸ் கம்பெனியோடு ஏறத்தாழ இருபது ஆண்டுக் கூட்டுறவில் வளர்ந்தது. சின்னபண்டூரில் 2020-இல் உற்பத்தி தொடங்கிய அப்பல்லோ டயர்ஸ் இந்தியக் கம்பெனி. அதுவே ஹாலந்து நாட்டு விரெட்ஸ்டைன் டயருக்கும் 2009 முதல் சொந்தக்காரர்.

ஆகவே சட்டங்கள் தூய்மையைத் தேடுவதை விட்டு, அளவைத் தேடுகின்றன. 2021-இல் இந்திய அரசாங்கம் மோட்டார்த் தொழிலுக்கு அறிவித்த, 25,938 கோடி ரூபாய் மதிப்புள்ள ஊக்கத்தொகைத் திட்டம், உள்நாட்டில் கூட்டப்பட்ட மதிப்பு குறைந்தது 50 சதவிகிதமாவது இருக்கட்டும் என்று கேட்கிறது. அமெரிக்கா 1992-இல் இயற்றிய சட்டமோ இன்னும் நேர்மையானது: விற்பனைக்கு நிற்கும் புதுக் காரின் சீட்டில், அமெரிக்க, கனடியப் பாகங்களின் சதவிகிதம், இறுதியாகப் பூட்டப்பட்ட ஊர், இயந்திரமும் கியர்ப்பெட்டியும் பிறந்த நாடுகள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதச் சொல்கிறது. மறைமலைநகரில் தயாராகிக் கப்பலேறிய எகோஸ்போர்ட் கார்களை அமெரிக்க போர்டு விற்பனையாளர்கள் சில ஆண்டுகள் விற்றபோது, அமெரிக்கப் பெயர் தாங்கிய அந்த வண்டியின் சீட்டில் இறுதிப் பூட்டுதல் நடந்த இடமாக இந்தியா குறிக்கப்பட்டிருந்தது.

நம்பிக்கை 6: என்ன சொன்னாலும் அம்பாசிடர் முழுக்க முழுக்க இந்தியக் கார்.

உண்மை: மந்திரிகளும் கலெக்டர்களும் கலியாண மாப்பிள்ளைகளும் ஏறிவந்த அந்த வண்டி, 1957-இல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவத்தை அப்படியே தழுவி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதற்குள் புதிதாக அமர்ந்த பெட்ரோல் இயந்திரம் இசுஸுவின் வழிவந்தது. அதாவது, இன்று ஸ்ரீசிட்டியில் ஆலை நடத்தும் அதே ஜப்பானியப் பெயர், நம் மிகப் பெரிய சுதேசிச் சின்னத்தின் பானெட்டுக்குக் கீழே முன்னமே குடியேறிவிட்டிருந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்ஸின் பெஜோ குழுமத்திற்கு விற்கப்பட்டது. இவ்வளவு இருந்தும் அதை இந்தியக் கார் என்று ஜனங்கள் சொல்வதில் பிழையில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் நம் சாலைகளில் நம்மோடு வாழ்ந்த உறவினால் அது பெற்ற உரிமை அது. அந்த உரிமையை அதன் வரைபடத்தின் மேல் ஏற்றிச் சொல்வதுதான் பிழை.

வரைபடத்தைக் கேட்டால் 1998-இல் வந்த டாட்டா இண்டிகாவைப் பார்க்க வேண்டும். அதன் புற உருவம் இத்தாலியின் தூரின் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றின் துணையோடு அமைந்தது. ஆயினும் எந்தக் கார் வேண்டும், யாருக்கு வேண்டும், என்ன விலையில் வேண்டும் என்று தீர்மானித்ததும், உறுப்புகளை உருவாக்கிச் சோதித்ததும் புனாவில் இருந்தவர்கள். 2003-இல் அந்த வண்டி சிட்டிரோவர் என்ற பெயரோடு இங்கிலாந்தில் விற்கப்பட்டது. மாரிஸை நாம் அம்பாசிடர் ஆக்கியதற்கும் இதற்கும் உள்ள தூரம் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள்.

ஆதலால், எந்த நாட்டு வண்டி என்ற கேள்விக்குள்ளே குறைந்தது நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கூலி யாருக்குக் கிடைக்கிறது என்று அறிய விரும்புவோர் ஆலை இருக்கும் ஊரைப் பார்க்கட்டும். லாபம் யாருக்கு என்போர் பங்குக் கணக்கைப் பார்க்கட்டும். உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை உடையோர் பாகங்கள் செய்வோரின் பட்டியலைப் பார்க்கட்டும். நான்காவதான, வண்டியைச் சிந்தித்தவர் யார் என்ற கேள்வியே தேசத்தின் கண்ணோட்டத்தில் தலையாயது என்பது என் துணிபு. ஏனெனில், ஆலை என்பது முதலாளியின் ஒரு தீர்மானத்தால் மூடப்படக்கூடியது. மறைமலைநகரில் போர்டின் கார் உற்பத்தி 2022-இல் நின்றதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. இயந்திரத்தைச் சிந்திக்கவும் சோதிக்கவும் திருத்தவும் ஓர் ஊரார் கற்றுக்கொண்ட வித்தையை அப்படி ஒரு கடிதத்தால் மூடிவிட முடியாது. 2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி. இன்று இருப்பது ஏர்பேட்டில்தான். கூப்பிடு தூரத்தில் என்று சொல்லாவிட்டாலும், அதே ஜில்லாவுக்குள் பாட்டரியும் டயரும் வண்டியும் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. அந்தக் கல்விக்கூடத்துக்கும் இந்த ஆலைகளுக்கும் இடையே போக்குவரத்து எவ்வளவு பெருகுகிறதோ, அவ்வளவுக்கு அப்பிரதேசத்து வண்டிகள் நம்முடையவை ஆகும். முகப்பில் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் சரியே.