இணையதளத்திற்கு வருவோரைக் கணக்கிடுதல்

சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பெற்றது. இத்தகைய மாற்றத்திற்குப் பின்னரும் பொதுமக்கள் பழைய முகவரியையே நாடுவது இயல்பு. காளஹஸ்தி விவசாயி ஒருவர் தமக்கு வேண்டிய படிவத்தைச் சித்தூர் அலுவலகமொன்றின் இணையதளத்தில் தேடி, காணாது திரும்பலாம். இவ்வாறு திரும்புவோர் எத்துணையர் என்பது தெரிந்தாலன்றி அக்குறையை நீக்க இயலாது. அதனை அறியத் துணைபுரிவது வருகைக் கணிப்பு நிரலாகும்.

இயங்கும் முறை

இணையப் பக்கம் தலைப்பகுதி, உடற்பகுதி என இரு கூறுகளை உடையது. தலைப்பகுதியில் பதிக்கப்பெறும் சிறு நிரல், படிப்பவரின் உலாவியில் இயங்கி, பக்கத்தின் முகவரி, நேரம், கருவியின் வகை முதலியவற்றைக் கணிப்பு நிலையத்திற்கு அனுப்பும். 2005-இல் தோன்றிய கூகுள் அனலிட்டிக்ஸ் இவ்வகையினது. 2007-இல் பிவிக் என்னும் பெயரில் தொடங்கிய மட்டோமோவை நிறுவனத்தின் சொந்தக் கணினியிலேயே அமைக்கலாம். விவரங்கள் வெளியே செல்லா.

சேர்க்கும் முறை

இதற்கெனத் தனிச் செருகுநிரல் தேவையில்லை. செருகுநிரல் ஒவ்வொன்றையும் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். தவறின் தீயோர் நுழைய அதுவே வாயிலாகலாம்.

1. தளத்தின் கோப்புகளுக்குப் படியெடுத்து வைக்க.
2. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதிக் கோப்பைத் திறக்க.
3. தலைப்பகுதியின் திறப்புக் குறிக்கு அடுத்தாற்போல் கூகுள் நிரலை ஒருமுறை மட்டும் ஒட்டிச் சேமிக்க.
4. தளத்தைத் திறந்து, நிகழ்நேர அறிக்கையில் அவ்வருகை பதிவாகின்றதா எனச் சோதிக்க.

வேர்ட்பிரஸ் தளமாயின், வார்ப்புருவைப் புதுப்பிக்கும்போது மாற்றம் அழிந்துவிடும். ஆகவே சேய் வார்ப்புருவில் எழுதுதல் நன்று. 'யூஏ' எனத் தொடங்கும் பழைய அடையாள எண்கள் பயன்படா. அம்முறை 2023 ஜூலை முதல் நாளில் பதிவை நிறுத்தத் தொடங்கியது.

எண்ணிக்கையின் பொருள்

அலிபிரியிலிருந்து படியேறும் யாத்திரிகர் ஆயிரவரை அடிவாரத்தில் ஒருமுறையும் திருமலையில் மறுமுறையும் எண்ணிக் கூட்டினால் ஈராயிரவர் ஆவர். நிரலை இருமுறை பதித்த பக்கத்திலும் இப்பிழையே நேரும். மேலும், நிரல் எண்ணுவது உலாவிகளையே, மனிதரை அன்று. பள்ளிக் கணினி ஒன்றில் பத்து மாணவர் படித்தாலும் ஒருவராகவே பதிவாகலாம். ஓர் ஆசிரியர் கைப்பேசியிலும் கணினியிலும் படித்தால் இருவராகலாம்.

பெயர், கைப்பேசி எண், ஆதார் எண் ஆகியவை பக்க முகவரியில் இடம்பெறலாகாது. இடம்பெறின் அவையும் கணிப்பு நிலையத்தைச் சென்றடையும். வருகை கணக்கிடப்படுவதைப் படிப்போருக்குத் தளத்திலேயே அறிவித்தல் கடமையாகும்.

பயிற்சி

தளத்தின் தேடற்பெட்டியில் மக்கள் இடும் சொற்களை ஒரு திங்கள் தொகுத்து நோக்குக. காளஹஸ்தி போன்ற ஊர்ப்பெயர்கள் மிகுதியாகக் காணின், முகப்பில் திருப்பதி மாவட்டத் தளத்திற்கு இணைப்பு ஒன்று அமைக்க. அடுத்த திங்களில் அவ்விணைப்பை அழுத்தியோர் தொகையையும், அவ்வூர்ப்பெயர்களைத் தேடியோர் தொகை குறைந்துளதா என்பதையும் ஒப்பிடுக.